பஸ் ஸ்டாண்டில் பதினொரு புள்ளிகள்

என் மனைவி பகவதி விழுந்து இறந்த இடம் காவல்துறையின் வரைபடத்தில் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் அங்கே குற்றம் நடப்பதில்லை என்று அர்த்தம். அந்த வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது நான் கைதட்டினேன்.

அது அவள் சாவதற்குப் பத்து மாதம் முன்பு. எங்கள் ஊர் திருவாழிமங்கலம் பள்ளிக்கூட மண்டபத்தில் போலீஸ்காரர்கள் பொதுமக்கள் கூட்டம் ஒன்று போட்டார்கள். ஒரு பெண் கம்ப்யூட்டரை இயக்க, சுவரில் மாட்டிய வெள்ளைத் துணியில் எங்கள் ஸ்டேஷன் எல்லை முழுவதும் விரிந்தது. வயல்கள், குளங்கள், சானல், ரோடு. மூன்று வருடத்தில் நடந்த செயின் பறிப்புகளையெல்லாம் புள்ளிகளாக வைத்திருப்பதாகவும், புள்ளி சேரச் சேர அந்த இடம் மஞ்சளாகிப் பிறகு சிவக்கும் என்றும் அதிகாரி ஒருவர் விளக்கினார். டவுண் பஸ் ஸ்டாண்டு பழுத்த கொல்லாம்பழம் போலச் சிவந்து இருந்தது. அங்கே பதினாறு கேமரா வைக்கப் போவதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். ஆள் பற்றாக்குறை என்பதால் வெள்ளைப் பகுதிகளில் ரோந்தைக் குறைத்துச் சிவப்புப் பகுதிக்கு மாற்றுவதாகவும் சொன்னார். அதற்கும் கைதட்டினோம்.

அந்தச் சிவப்பில் ஒரு புள்ளி நான் வைத்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கைதட்டினேன்.

நான் பொதுப்பணித்துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக முப்பத்தொரு வருடம் இருந்தவன். பேச்சிப்பாறைத் தண்ணீரை எங்கள் வயல்களுக்குக் கொண்டுவரும் சானலில் பன்னிரண்டு கிலோமீட்டர் என் பொறுப்பு. நூறு மீட்டருக்கு ஒரு நம்பர் கல் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தக் கல் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் மடை ஷட்டர் ரூம் சுவரில் ஒரு தகரப்பெட்டி தொங்கும். அதற்குள் போலீஸின் பட்டா புத்தகம். ரோந்து வரும் காவலர் தினமும் பகல் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்காகவாவது ஒரு காக்கிச்சட்டை சானல்கரை வழியே போய்வரும். கூட்டம் நடந்த அடுத்த மாதம் அந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் மாட்டினார்கள்.

கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. பகவதி ரேஷன் கடைக்குப் போய்விட்டுச் சானல்கரை வழியாகத் திரும்பினாள். மதியம் இரண்டரை மணி. அந்த நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. நாலு மணிக்கு, மடை திறந்து அடைக்கும் லஸ்கர் ஒருவர் மூன்றாம் மடையில் சண்டும் குப்பையும் வாரப் போனபோது கம்பித் தடுப்பில் அவளைப் பார்த்தார். தலையின் பின்பக்கம் பிளந்திருந்தது. கழுத்தில் ஒரு கீறல், சரடு இறுகினாற்போல. தாலிச்செயின் இல்லை.

நாற்பத்தொன்றாம் கல்லுக்கும் நாற்பத்திரண்டாம் கல்லுக்கும் நடுவில், சாய்வுக் கல்கட்டின் மேல் விளிம்பில் ரத்தம் இருந்தது. அங்கிருந்து நாற்பது அடி தள்ளி, கரை ரோட்டின் நடுவில், செயினை மாட்டும் கொளுத்து கிடந்தது. நான்தான் எடுத்தேன். அது வளைந்து திறந்திருந்தது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்ப்பவர் ஏட்டு குமாரதாஸ். முன்பே பழக்கம். கொளுத்தை ஒரு காகிதத்தில் மடித்து அவர் மேசையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, நான் சொல்லுகது மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். "காலு கழுவ எறங்கியிருப்பாவ. ஒரே பாசி. வழுக்கியிருக்கும்."

"கழுத்துல கீறல் உண்டு."

"கரையில நிக்க கைதமுள்ளா இருக்கலாம்னு ஆஸ்பத்திரியில எழுதியிருக்காவ."

"கொளுத்து ரோட்டுல கெடந்தது. அவ சானல் வெள்ளத்துல கெடந்தா. கொளுத்து எறங்கி நடந்தா வந்துது?"

குமாரதாஸ் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அதே வரைபடம். சானல் நீலக் கோடாக இருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளை.

"இஞ்ச பாருங்க. மூணு வருசத்துல சானல்கரையில ஒரு சம்பவம் உண்டா? ஒண்ணு? இல்லாத கள்ளன நான் எங்கண போயி தேட? மேல உள்ளவரு மொதல்ல இதத்தான் பாப்பாரு."

"கள்ளன் வரைபடம் பாத்தா வாறான்?"

"அவன் பாக்கமாட்டான். நாங்க பாக்கணும்லா" என்றார்.

சந்தேக மரணம் என்று பதிவு செய்தார்கள். நான் எழுதிக் கொடுத்த மனுவை வாங்கி வாசித்துவிட்டு, "ஒங்களுக்கு நல்ல எழுத்து அண்ணாச்சி" என்று சொன்னார். இதே வார்த்தையை இதே மேசையில் இரண்டு வருடம் முன்பும் அவர் சொல்லியிருந்தார். அவருக்கு அது ஞாபகம் இல்லை.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். கூட்டத்தில் கம்ப்யூட்டரை இயக்கிய பெண்ணைத் தேடிப் போனேன். பெயர் சுபிதா. முட்டத்துக்காரி, புவியியல் படித்தவள், ஒப்பந்த வேலை. ஸ்டோர் ரூம் போன்ற ஒரு அறையில் தனியாக இருந்தாள்.

"சார், நான் புள்ளி வைக்கிறவ. கேஸ மாத்த எனக்கு அதிகாரம் கெடையாது" என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"கேஸ மாத்தச் சொல்லல்ல. அந்த இடம் ஏன் வெள்ளைன்னுதான் கேக்கேன்."

"புகாருல என்ன இடம் எழுதியிருக்கோ அங்க வைப்பேன். யாரும் எழுதாத இடம் வெள்ளை. அவ்வளவுதான் சார்."

ஆனால் என்னை அனுப்பிவிடவில்லை. பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்கினாள். சிவப்பை எடுத்துவிட்டபோது ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. "ஒண்ணுமேல ஒண்ணா கெடக்கு" என்று சொல்லி அதை விரித்தாள். பதினொரு புள்ளிகள். பிறகு ஏதோ யோசித்து, பறிகொடுத்தவர்களின் வீடு எந்த ஊரில் என்று பார்த்து, அந்த ஊர்களில் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஆறாவது பச்சை வைக்கும்போது அவள் கை நின்றது. மீதியை மெதுவாக வைத்தாள்.

"சார், பஸ் ஸ்டாண்டுக்கு எங்கயிருந்தெல்லாம் ஆளு வரும்?"

"எல்லா ஊருலேருந்தும் வரும். மயிலாடியிலேருந்து வருவாவ. கடப்பொறத்துலேருந்து வருவாவ."

"எங்கம்மாவே மீன் கூடையோட தெனம் வருவா. ஆனா பறிகொடுத்த பதினொரு பேருல ஏழு பேருக்கு வீடு இந்தச் சானலோட ரெண்டு பக்கமும். பஸ் ஸ்டாண்டு கள்ளன் ஊரு கேட்டுட்டா பறிக்கான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. அந்த ஏழு புகார்களின் நேரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி, இரண்டே முக்கால், மூன்று, மூன்றரை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரியும் காலை எட்டு மணியோ மாலை ஐந்து மணியோ அதில் ஒன்றுகூட இல்லை. கேமரா வைத்த பிறகும் அந்த எண்ணிக்கை குறையவில்லை என்பதையும், கேமராவில் ஒருவன்கூடப் பதியவில்லை என்பதையும் சொன்னாள்.

"இடத்த மாத்திச் சொன்னவங்க நேரத்த மாத்த மறந்திட்டாங்க சார்."

திரையில் பெயர்கள் இல்லை. வயதும் ஊரும் மட்டும். நாலாவது வரியில் இருந்தது: பெண், இருபத்தாறு, திருவாழிமங்கலம், பிற்பகல் மூன்று மணி.

"தெரிஞ்சவங்களா சார்?"

"இல்ல" என்றேன்.

"இவங்கள்ல ஒரு மூணு பேரு வந்து, உண்மையில சானல்கரையிலதான் போச்சுன்னு எழுதிக் குடுத்தா போதும். அந்தக் கரை செவக்கும். அப்புறம் ஒங்க வீட்டம்மா வழுக்கி விழுந்தாங்கன்னு கேஸ முடிக்க மேல ஒத்துக்கிட மாட்டாங்க."

அந்த நாலாவது வரி என் மகள் ரஷ்மி. பிற்பகல் மூன்று மணியளவில் என்று எழுதியவன் நான்.

அவளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்றாம் மாதம் அது. மருமகன் ஸ்ரீனிவாசனோடு ஏதோ சண்டை. ஒரு பையில் நாலு துணியைத் திணித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்திருக்கிறாள். ஊர் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைக்காரர்கள் எல்லோரும் பையைப் பார்ப்பார்கள் என்று ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிச் சானல்கரையைப் பிடித்து நடந்தாள். முப்பத்தெட்டாம் கல். பைக்கில் வந்த இருவர் தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தக் கீறலோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு முடிவெடுத்தேன். சானல்கரை என்று எழுதினால், தனியாக, பையோடு, பகல் மூன்று மணிக்கு அங்கே ஏன் போனாள் என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். தாலி அறுந்ததோடு அதுவும் சேரும். பஸ் ஸ்டாண்டு என்றால் கேள்வி இல்லை. கூட்டத்தில் போனது யார் குற்றமும் அல்ல. அம்மாவோடு துணி எடுக்க டவுணுக்குப் போன இடத்தில் கூட்டத்தில் பறித்துவிட்டான் என்று எழுதினேன். நான்கு நாள் கழித்துக் கோயிலில் வைத்து ஸ்ரீனிவாசன் புதுத்தாலி கட்டினான். சண்டையும் அதோடு போயிற்று. என் சாமர்த்தியத்தை நான் மெச்சிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது பகவதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டேளா, எடத்த மட்டும் உள்ளத எழுதுங்கோ. அந்த வழி நாளைக்கும் பொம்பளைய நடப்பாவ இல்லியா?"

"ஒனக்கு ஒம்மவ வாழணுமா, வழியில போறவ நடக்கணுமா?" என்றேன்.

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

சானலுக்கு மேற்குக் கரையில் பிந்து பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். அவர்கள் அய்யாவழிக்காரர்கள். கடைச் சுவரில் நாமம் வரைந்திருக்கும். பிந்துவுக்கும் செயின் போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதுவும் பஸ் ஸ்டாண்டில்தான். ஏழில் ஒன்று அவளாகத்தான் இருக்க வேண்டும். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் பயறு அளந்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு பஸ் ஸ்டாண்டுல போச்சு. எழுதியாச்சு, முடிஞ்சு."

"பிந்து, கேமராவுல ஒண்ணும் இல்லியாம்."

"கேமராவுக்குக் கண்ணு தெரியாட்டி நான் என்ன செய்ய?"

"உள்ளதச் சொல்லு. சானல்கரையிலதான?"

அவள் படியைக் கீழே வைத்தாள். "சானல்கரையிலதான். இப்ப என்ன? எங்கக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். அக்காளுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் பேச்சு கெடையாது, அங்க போவப்பிடாதுன்னு சட்டம். எடத்தச் சொன்னா எங்க போயிட்டு வந்தன்னு வரும். பஸ் ஸ்டாண்டுன்னா வராது. ஒங்களுக்குத் தெரியாத நியாயமா அண்ணாச்சி?"

"பகவதி போயிட்டா, பிந்து."

"அக்கா போனது எனக்கும் வெசனம்தான். இந்தக் கடையில இருந்து பேசாத நாள் உண்டா?" அவள் குரல் ஒரு நிமிடம் இறங்கி, மறுபடி ஏறியது. "ஆனா ஒண்ணு கேக்கேன். ஒங்க மவளுக்கு எங்கண போச்சு? ஊருக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு. அண்ணைக்கு இந்த ஸ்டூலுல இருந்து, பேய் அடிச்ச மாதிரி முழிச்சிட்டு, வெள்ளம் வாங்கிக் குடிச்சது யாரு? கழுத்துல ரெத்தத்தத் தொடச்சு விட்டது நான். இண்ணைக்கு வர ஒரு வாய் தொறந்திருப்பனா?"

அவள் படியை எடுத்து மறுபடி பயறு அளக்கத் தொடங்கினாள்.

"எனக்குப் போனது அதுக்கு ஒண்ணர வருசம் கழிச்சு. ஒங்க மவளுக்குப் போன எடத்துலேருந்து ரெண்டு கல்லு தள்ளி. ஒங்களுக்கு நல்லா எழுத வருமே, நீங்க மொதல்ல எழுதுங்க. பொறவு நான் எழுதுகேன்."

ரஷ்மிக்குப் போன் செய்தேன். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். உண்மையான இடத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

"அப்பா, இவிய வீட்டுல இப்பதான் ஒரு வழியா இருக்கு. ரெண்டு வருசமா நான் பொய் சொன்னேன்னு ஆவும். அத்தை விடுவாளா?"

"அம்மைக்காகக் கேக்கேன் மக்கா."

"அம்மை அண்ணைக்கே உள்ளத எழுதச் சொன்னாளே. நான் உள்முறியில படுத்திருந்தேன். எனக்குக் கேட்டுது. நீங்கதான் எழுதமாட்டேன்னீய." அவள் அழுதாள். "இப்ப அம்மை திரும்பி வருவாளா? சொல்லுங்க."

வரமாட்டாள் என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பத்து நாள் யோசித்தேன். பிறகு எழுதினேன். மகளின் புகாரில் சம்பவ இடத்தை மாற்றிச் சொன்னது அவள் அல்ல, அவளுடைய தகப்பனாகிய தெய்வநாயகம் ஆகிய நானே என்றும், உண்மையான இடம் சானல் கிழக்குக் கரை முப்பத்தெட்டாம் கல் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குமாரதாஸ் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"என்ன அண்ணாச்சி, தலையில மண்ண வாரிப் போடுதீங்க? பொய்ப் புகார்னு நாங்க ஒங்க மேலயே திருப்பினா?"

"திருப்புங்க."

அவர் திருப்பவில்லை. அந்த அளவு நல்லவர். விசாரணைக்கென்று ரஷ்மியின் புகுந்த வீட்டுக்கு ஒரு போலீஸ்காரரை மட்டும் அனுப்பினார்கள். சீருடையில் போனாராம். நடுப்பகலில், எல்லோரும் பார்க்க.

பிந்து எழுதவில்லை. நான் எழுதிவிட்டதைப் போய்ச் சொன்ன அன்று கடையில் அவளுடைய கணவர் இருந்தார். அவள் என்னைப் பார்க்காமல், "அண்ணாச்சிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அரைக்கிலோ சீனி வாங்கிக்கொண்டு வந்தேன். மற்ற ஐந்து பேரில் மூன்று பேரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் காப்பி தந்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பினார்கள். ஒரு வீட்டில், "ஒமக்குப் பொஞ்சாதி செத்ததுக்கு எங்க வீட்டுப் பொம்பளைய பேரு கெடணுமா?" என்று கேட்டார்கள்.

மாசியில் சுபிதா கூப்பிட்டாள். போனேன். பஸ் ஸ்டாண்டில் இப்போது பத்து. சானல்கரையில் ஒன்று. அந்த ஒன்றைச் சுற்றி நிறமே இல்லை.

"ஒத்தப் புள்ளிக்கு நெறம் வராது சார். மூணு புள்ளியாவது வேணும். ஒண்ண மட்டும் வச்சா, தற்செயல்னு எடுத்துக்கும்."

"பகவதிக்கு?"

"அவங்களுக்குப் புள்ளி கெடையாது சார். விபத்துக்கு இந்தப் படத்துல எடம் இல்ல." குனிந்துகொண்டு சொன்னாள்.

தவறி விழுந்து இறந்ததாக வழக்கு முடிக்கப்பட்டது. தபாலில் வந்தது. ரஷ்மிக்குப் பங்குனியில் ஆண் குழந்தை பிறந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சித்திரையில் சானல் வறண்டு கிடக்கும். தண்ணீர் அடைத்த அந்த மாதங்களில்தான் நாங்கள் கல்கட்டில் தண்ணீர் கசியும் ஒழுக்கு இருக்கும் இடங்களைப் பார்த்துச் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டு வைப்போம். பிறகு கொத்தனார் வந்து அடைப்பார். வேலையில் இருந்த காலத்து டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போய் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில், மேல் விளிம்பில், ஒரு வட்டம் போட்டேன். ஒரு சாண் அகலம். வேறு ஒன்றும் எழுதவில்லை.

முப்பத்தெட்டாம் கல்லுக்கும் போனேன். அங்கே போடவில்லை. அது என்னுடையது அல்ல. ஏற்கெனவே ஒரு தடவை அவளைக் கேட்காமல் அவளுக்குப் புள்ளி வைத்தவன் நான்.

எதிர்க்கரையிலிருந்து பிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீங்க?"

"ஒழுக்கு பாக்கேன்."

கொஞ்சநேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "பெயிண்டு மிச்சம் கெடக்கா?"

"கெடக்கு."

"பேரு எழுதாண்டாம்லா?"

"வேண்டாம்."

"மடையில வச்சிட்டுப் போங்க" என்றாள்.

டப்பாவையும் பிரஷையும் மூன்றாம் மடையில், பட்டா புத்தகப் பெட்டி தொங்கிய ஆணிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் நாற்பதாம் கல்லில் ஒரு வட்டம் இருந்தது. அந்த வாரத்தில் இரண்டு. பிறகு மேற்குக் கரையில் ஒன்று, கோணலாக, பெயிண்டு வழிந்து. சித்திரை முடியும்போது என்னுடையதையும் சேர்த்து ஒன்பது. போலீஸ் கணக்கில் ரஷ்மி போக ஆறு பேர்தான். குறைந்தது இரண்டு பேராவது புகாரே கொடுக்காதவர்கள். முப்பத்தெட்டாம் கல் மட்டும் வெறுமையாக இருந்தது. ரஷ்மிக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பதையும் கல் நம்பரோடு போட்டோ எடுத்து சுபிதாவுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"சார், பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன். ஆனா ஒரு புள்ளி வைக்கணும்னா புகார் எண் வேணும்."

ஜூன் மாதம் பேச்சிப்பாறையைத் திறந்தார்கள். அதற்கு முன்னால் துறையிலிருந்து கொத்தனார்கள் வந்து, சிவப்பு வட்டம் கண்ட ஒன்பது இடத்திலும் ஒழுக்கு என்று நினைத்துச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். நன்றாகவே பூசியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறியபோது எட்டு முங்கிவிட்டது. பகவதியினுடையது மேல் விளிம்பில் இருப்பதால் இப்போதும் தெரிகிறது, கல்கட்டில் அந்த ஒரு சாண் மட்டும் வெள்ளையாக.